சதுரங்கத்தில் கணினியின் துணை எப்போது மோசடியாகிறது?

சதுரங்கத்தில் மனிதனா, கணினியா என்ற போட்டி 1997 ஆம் ஆண்டு ‘டீப் புளூ’விடம் கஸ்பரோவ் தோற்றதோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. மகாஜனா, யூனியன் போன்ற பழம்பெரும் கல்லூரிகளைக் கொண்ட தெல்லிப்பழையில் இன்று ஒரு மாணவனின் கையடக்கத் தொலைபேசியில் இலவசமாக இயங்கக்கூடிய ‘ஸ்டொக்ஃபிஷ்’ மென்பொருள், உலக சம்பியனையும் வெல்லும் வலுக் கொண்டது. எனவே, அதன் துணையை நாடுவது மோசடியா என்ற கேள்வி நமது பாடசாலைகளுக்கும் உரியதாகிவிட்டது.

2021 ஜூன் மாதம் கொவிட் நிவாரண நிதிக்காக இணையவழியில் நடைபெற்ற ஆட்டமொன்றில், ஐந்து முறை உலக சம்பியனான விஸ்வநாதன் ஆனந்தை இந்தியத் தொழிலதிபர் நிகில் காமத் வென்றார். வியப்பு ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. கணினியினதும் பிறரதும் உதவியைப் பெற்றதாக அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். நற்பணிக்கான காட்சி ஆட்டந்தானே என்று அவருக்காக வாதாடியவர்களும் உண்டு. அந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பலகையில் இருந்த நிலையைத் தமது அறிவைக் கொண்டு மட்டுமே ஆனந்த் ஆடினார். எதிராளியும் அவ்வாறே ஆடுவதாக நம்பினார்.

இதே ஆனந்த் 1999 ஆம் ஆண்டு ஸ்பெயினின் லியோன் நகரில் கார்ப்போவுடன் கணினியை அருகில் வைத்துக்கொண்டே மோதி வென்றார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. அங்கு இருவரிடமும் கணினி இருந்தது. அதனை இருவரும் அறிந்திருந்தனர். சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கத்திலும் கணினிக்குத் தடையில்லை. ஆக, குற்றம் கருவியில் அன்று, மறைப்பில்தான் உள்ளது. 2006 இல் டில்லியில் தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்து வந்த வீரருக்கு இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் பத்தாண்டுத் தடை விதித்ததும் இதனாலேயே.

மோசடியைவிடக் கொடிது, அது விதைத்துச் செல்லும் சந்தேகம். 2022 இல் கார்ல்சனை நேருக்கு நேர் வென்ற ஹான்ஸ் நீமன், சிறுவயதில் இணையவழி ஆட்டங்களில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர். ஆயினும் அந்த நேரடி ஆட்டத்தில் அவர் ஏமாற்றியதற்கு எவ்வித ஆதாரமும் வெளிவரவில்லை. அவ்வாறிருந்தும் உலகமே அவரை விசாரித்தது. உலகறிந்த வீரருக்கே இக்கதி எனில், திறமையாக ஆடியமைக்காகவே சந்தேகிக்கப்படும் ஒரு கிராமத்துச் சிறுமி என்ன செய்வாள்?

இணையவழிப் போட்டிகளை நடத்துவோர், எது அனுமதி, எது தடை என்பதை ஆட்டத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதக்கத்தைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றுகளையேனும் நடுவர் முன்னிலையில், பலகையில் நடத்துவதற்கு நமது கல்வி வலயங்களில் மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை.