மோட்டாரின் திசையும் வேகமும்

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து மாம்பலம் வழியாகத் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபொழுது, 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கிய அதன் மோட்டார்களைப் படிப்படியாக வேகப்படுத்தப் பெரிய மின்தடைகளும், எதிர்த்திசையில் செலுத்துவதற்கு இணைப்பை மாற்றிவைக்கும் தனி விசையும் வேண்டியிருந்தன. வண்டி புறப்படும் ஒவ்வொரு தடவையும் மின்சக்தியில் ஒரு பகுதி அத்தடைகளில் உஷ்ணமாக விரயமாயிற்று.

அவ்விரு காரியங்களையும் சிறிய மோட்டார்களுக்கு இன்று எச்-பிரிட்ஜ் என்னும் நான்கு ஸ்விட்சுகளின் அமைப்பு உள்ளங்கையளவான பலகையிலேயே நிறைவேற்றுகிறது. குறுக்கெதிராக அமைந்த ஒரு ஜோடியை இயக்கினால் மோட்டார் ஒரு திசையிலும், மற்ற ஜோடியை இயக்கினால் மறுதிசையிலும் சுழலும். அந்த ஜோடியை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை இயக்கி நிறுத்தி, இயங்கும் காலத்தின் விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தால், சராசரி வோல்டேஜும் அதனால் வேகமும் நம் இச்சைப்படி அமையும்.

தத்துவம் இவ்வளவு எளிதாக இருப்பதனாலேயே பிரயோகத்தில் அசிரத்தை புகுந்துவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும், எல்298 என்னும் எச்-பிரிட்ஜ் சில்லைக்கொண்ட பலகையை, "2 ஆம்பியர்" என்ற ஒரே எண்ணை நம்பி வாங்கிப் பொருத்துவோர் பலர். அந்தச் சில்லினுள் இருப்பவை பழைய முறை இருமுனை டிரான்சிஸ்டர்கள். 2 ஆம்பியர் பாயும்போது அவற்றில் இழக்கப்படும் வோல்டேஜ் 4.9 வரை போகலாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பேடே கூறுகிறது. அந்நிலையில் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு 7 வோல்ட்தான் எட்டும். ஏறக்குறைய 10 வாட் சில்லைச் சுடவைக்கும். மின்தடைகளின் விரயம் இவ்வாறு சிறு உருவில் திரும்பி வருகிறது. ஒவ்வொன்றும் 20 மில்லி ஓம் தடையுள்ள மாஸ்ஃபெட் என்னும் வேறுவகை டிரான்சிஸ்டர்களால் அமைத்த பாலத்திலோ, அவற்றில் இரண்டின் வழியாகப் பாயும் அதே மின்னோட்டத்துக்கு இழப்பு 0.08 வோல்ட் மட்டுமே.

ஆனால் மாஸ்ஃபெட் பாலமும் நிதானத்தைக் கேட்கிறது. ஒரே பக்கத்து மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் கணநேரம் ஒருசேர இயங்கினாலும் பாட்டரி நேராகக் குறுக்குச்சுற்றாகிவிடும். ஆதலால் ஒன்று அணைவதற்கும் மற்றொன்று இயங்குவதற்கும் நடுவே சிறு இடைவெளி அவசியம். முழுவேகத்தில் சுழலும் மோட்டாரைச் சட்டென எதிர்த்திசைக்குத் திருப்பினால், அதனுள்ளே எழும் எதிர்மின்னழுத்தம் பாட்டரியோடு சேர்ந்துகொள்ள, அச்சு நின்ற நிலையில் பாய்வதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம் பாயும். முதலில் வேகத்தைத் தணித்து, பிறகே திசையை மாற்றுவது சாஸ்திரோக்தமான முறை.

2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர்கள் நிறுவிய ஏதர் நிறுவனத்தின் ஸ்கூட்டரிலும், அதன் மூன்றுகட்ட மோட்டாரை இயக்குவது இத்தகைய பாலத்தின் பாதிகள் மூன்று சேர்ந்த அமைப்பே. சிறு மோட்டாரில் பெறும் பயிற்சி பெரிய வாகனம் வரையில் துணைநிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகையால் கிண்டியிலும் அடையாற்றிலும் தரமணியிலும் போதிக்கும் ஆசிரியர்களுக்கும், பட்டறை நடத்தும் அன்பர்களுக்கும் எமது வேண்டுகோள் ஒன்று: ஆயத்தப் பலகையைக் கையில் கொடுக்குமுன், நான்கு மாஸ்ஃபெட்டுகளைக்கொண்டு மாணவன் தானே ஒரு பாலம் அமைக்கட்டும், அச்சு நின்ற நிலையின் மின்னோட்டத்தையும், ஸ்விட்சுகளின் இழப்பையும், உஷ்ணத்தையும் அளந்து எழுதட்டும், அதன் பின்னர் எந்தப் பலகையை வாங்குவதென்று அவனே தீர்மானிக்கட்டும்.