பூனைக்குச் சர்க்கரை வந்தால்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் சிலர் தீனியை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்தான காரியம். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு உலை வைத்துவிடும்.

கூடவே வேறு நோய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஈறு பழுத்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியே சர்க்கரையை ஏற்றியிருக்கலாம். பூனைச் சர்க்கரைக்கென்று 2022 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரை, சிறுநீரகமோ கல்லீரலோ கெட்ட பூனைக்கு ஆகாது. ஆகவே ரத்தப் பரிசோதனையைச் சர்க்கரை அளவோடு நிறுத்தவே கூடாது.

சிரிஞ்சிலும் கண் வேண்டும். யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் அதே எண் வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். அப்படிச் சர்க்கரை மிகவும் இறங்கிப் பூனை தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.