துவக்கும் ஒரு முதுசமா?

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பர். அம்மொழியை நம்பியே அமெரிக்கப் படமுதலாளிகள் வாணிபம் நடத்துகின்றனர். 1993இல் வெளிவந்த 'சினைப்பர்' படத்தில், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் தோமஸ் பெக்கெற்றாக ரொம் பெரெஞ்சர் நடித்தார். 2011இல் வந்த 'சினைப்பர்: ரீலோடெட்' படத்திலோ அவ்வீரனின் மகன் பிரண்டன் துவக்கை ஏந்துகின்றான்.

மகன் பிறவியிலேயே குறிதவறாதவன் அல்லன். காலாட்படை வீரனாகக் கொங்கோவில் நின்ற அவன், தந்தையின் பழைய தோழன் மில்லரிடமே இவ்வித்தையைக் கற்கின்றான். வித்தை இரத்தத்தில் வருவதன்று, பயிற்சியில் வருவது என்பதைப் படமே ஒப்புக்கொள்கின்றது. பரம்பரைக் கமக்காரனின் மகனும் கலப்பை பிடித்துத்தானே உழவு பயின்றான்! மருத்துவரின் மகனுக்கும் பரீட்சை உண்டன்றோ!

இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயின், எமது மனக்குறை வேறு. ஒருவனைக் கொல்வது கொல்பவனை என்ன செய்கின்றது என்ற கேள்வி முதற் படத்தில் இருந்தது. பனாமாக் காட்டில் மில்லர் விசையை இழுக்கத் தயங்கினான். பெக்கெற் தன் சுடுவிரலையே இழந்தான். மகனின் படத்தில் அக்கேள்வி எங்கே? பழிவாங்கலே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1961இல் லுமும்பாவைப் பறிகொடுத்த கொங்கோ மண்ணோ வெறும் திரைச்சீலையாயிற்று.

தந்தையின் துவக்கை மட்டும் மைந்தனுக்கு ஈந்து, தந்தையின் மனப்புண்ணை மறைத்துவிடுவது முதுசமன்று. இதனை நாம் கண்டிக்கின்றோம். எத்தொழிலாயினும், அதனைப் பிள்ளைக்குக் கொடுப்போர் அதன் பாரத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.