இடுப்புப் பைக்கு எதற்கடா நாலாயிரம்?



எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு இன்று எழுதுகிறேன். நீளமான பதிவுதான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இப்போது ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் ஜனவரி கடைசி ஞாயிறு கரடியூருக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். காலையில் என் வீட்டில் காபி, பிறகு காபித் தோட்டத்துப் பாதை வழியாகக் காட்சிமுனை வரை நடை, மதியம் திரும்பி வந்து சாப்பாடு. மொத்தம் மூன்று மணி நேர நடை. கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. "மலையேற்றத்துக்குக் கட்டாயம் தேவையானவை." ஷூ ஐயாயிரம். ஊன்றுகோல் ஆயிரத்து எண்ணூறு. தண்ணீர் பாட்டில் ஆயிரத்து இருநூறு. இடுப்புப் பை நாலாயிரத்து இருநூறு. கூட்டிப் பார்த்தேன், பன்னிரண்டாயிரத்து இருநூறு. பட்டியல் போட்ட தம்பி நல்ல எண்ணத்தில்தான் போட்டான், எனக்குத் தெரியும். அவன் மேல் கோபம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. கொஞ்சம் உண்டு.

ஏனென்றால் அந்தப் பட்டியல் வந்த இரண்டு நாளில் மூன்று பேர் "வர முடியலைங்க டீச்சர்" என்று செய்தி அனுப்பினார்கள். ஒருவரை நானே போனில் பிடித்தேன். "வேலை இருக்குங்க டீச்சர்" என்றார். "ஞாயித்துக்கிழமை என்ன கண்ணு வேலை?" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க டீச்சர், போட்டோ மட்டும் போடுங்க" என்றார். யார் என்று சொல்ல மாட்டேன். என்ன தொழில் என்றும் சொல்ல மாட்டேன். தேடாதீர்கள்.

அந்தப் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் வேறு. இதே தவறை நானே செய்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளைச் சேர்வராயன் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். "எல்லோரும் வாட்டர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் கட்டாயம் கொண்டு வரணும்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மறுநாள் ஒரு பெண் பிள்ளை வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை, அவள் வீட்டில் பாட்டில் இல்லை என்பது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அவள் அம்மா தோட்டத்தில் காபி பறிக்கப் போகிறவர். பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு, மலை ஏறத் தகுதி இல்லை என்று நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை இன்றுவரை என்னால் அழிக்க முடியவில்லை.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் நடப்பதற்கு நாலாயிரம் ரூபாய்ப் பை தேவை என்பது தவறான கணக்கு. பை வேண்டாம் என்று சொல்லவில்லை. இடுப்புப் பை நல்ல பொருள். நான் நாலு வருடமாகக் கட்டுகிறேன். என் அக்கா மகன் "என்ன சித்தி, கண்டக்டர் ஆயிட்டீங்களா, ஒரு டிக்கெட் குடுங்க" என்று கேலி செய்கிறான். செய்யட்டும். கரடியூர்ப் பாதையில் வேர் தடுக்கும், மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். கையில் கேரி பேக் வைத்திருப்பவர் விழும்போது கையை ஊன்ற முடியாது. ஏற்காட்டுக் குரங்குகளுக்கு உங்கள் முகம் முக்கியமில்லை, கையில் தொங்கும் கவர்தான் முக்கியம். அந்தக் கவரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், சாமான் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். இதற்குத்தான் இடுப்புப் பை.

ஆனால் இதை யாரோ புதிதாகக் கண்டுபிடித்து நமக்கு விற்பதாக நினைக்காதீர்கள். என் அப்பா சந்தைக்குப் போகும்போது வேட்டி மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுவார். அதில் இரண்டு பாக்கெட். பணம், பீடிக்கட்டு, சாவி, கணக்குச் சீட்டு எல்லாம் அதற்குள். உங்கள் தாத்தாக்களும் கட்டியிருப்பார்கள். என் அம்மாவிடம் இடுப்பில் செருகிய சுருக்குப் பை. தோட்டத்தில் காபி பறிக்கும் பெண்களைப் பாருங்கள், சாக்கை இடுப்பில் கட்டி அதில் பழத்தைப் போட்டபடி சரிவில் நாள் முழுக்க நிற்பார்கள். தோளில் தொங்கவிட மாட்டார்கள். சுமை இடுப்பெலும்பில் உட்கார்ந்தால் உடம்பு சாயாது என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதில்லை.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? 1991-ல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா இத்தாலி எல்லையில், பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தையவன். அவன் இடுப்பு வாரில் ஒரு தோல் பை தைத்திருந்தது. உள்ளே சிறு கல் கருவிகள், எலும்பு ஊசி, நெருப்பு மூட்ட உலர்ந்த காளான். அவனுக்கு யாரும் பட்டியல் அனுப்பவில்லை. தனக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்திருந்தான்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? மலிவு என்பதற்காக எதையாவது வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். முதலில் திருவிழாக் கடையில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மூன்றாவது நடையில் பக்கிள் தெறித்து என் சர்க்கரை மாத்திரை மிளகுக் கொடிக்குள் போய்விட்டது. பிறகு சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடையில் முந்நூற்றி ஐம்பதுக்கு வாங்கியதுதான் இன்றுவரை உழைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் விலையில் இல்லை, தையலில் இருக்கிறது. எனவே கடையில் இதைப் பாருங்கள்.

முதலில் வார். குறைந்தது இரண்டு விரல் அகலம் வேண்டும். நாடா மாதிரி மெல்லியதாக இருந்தால் வயிற்றை அறுக்கும்.

இரண்டாவது, வார் பையோடு சேரும் இடம். அங்கே ஒற்றைத் தையல் போதாது. சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியதும் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், முப்பது நாற்பது ரூபாயில் போட்டுக் கொடுப்பார். ஆயிரக்கணக்கில் வாங்கும் உறுதி இந்த நாற்பது ரூபாயில் கிடைத்துவிடும்.

மூன்றாவது, ஜிப். ஒரே கையால் பத்து முறை திறந்து மூடுங்கள். ஒரு முறை மாட்டினாலும் கீழே வையுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். வீட்டிலிருந்து அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். அதையும் போனையும் பைக்குள் போட்டு, இடுப்பில் கட்டி, கடையிலேயே பத்து முறை குதியுங்கள். கடைக்காரர் சிரிப்பார், கவலை வேண்டாம். பை மேலும் கீழும் அடித்தால் அது உங்களுக்கு ஆகாது. குதித்த பிறகு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், வயிற்றில் குத்தக் கூடாது.

அளவு இரண்டு மூன்று லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் நிரப்பத் தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இடுப்புப் பையில் மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டவிடாதீர்கள். மழைக்குப் பயந்து "வாட்டர்புரூஃப்" என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். துணி தாங்கினாலும் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும். கழுவிக் காயவைத்த பால் கவருக்குள் போனைப் போட்டு மடித்து வையுங்கள், போதும்.

"மலிவான சாமான் மலையில் கைவிட்டால் ஆபத்து இல்லையா டீச்சர்?" என்று பட்டியல் போட்ட தம்பி கேட்பான். நியாயமான கேள்வி. இமயமலைக்குப் போகிறவர் கேட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். பனியிலும் பாறையிலும் பத்து நாள் நடப்பவருக்கு நல்ல பொருள் உயிர் காக்கும். கரடியூர்ப் பாதையில் வார் அறுந்தால் என்ன ஆகும்? பையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். அவ்வளவுதான்.

மலையில் ஆபத்து வேறு இடத்திலிருந்து வருகிறது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் எத்தனை இளம் உயிர்கள் போயின! எந்த விலையுயர்ந்த பையும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. எந்தப் பருவத்தில் போவது, யாரிடம் அனுமதி கேட்பது, எப்போது திரும்புவது, இவைதான் உயிர் காக்கும். காப்புக்காட்டுக்குள் போக ஆசையென்றால் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் போங்கள். 2024-ல் அரசே மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்திருக்கிறது. நம் தோட்டத்துப் பாதையிலும் காட்டெருமை எதிரில் வந்தால் செல்ஃபி எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் புத்தி வேண்டும். அந்தப் புத்தி கடையில் கிடைக்காது.

இடுப்புப் பை எல்லாவற்றுக்கும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. மூன்று மணி நேர நடைக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அரை லிட்டர்தான் இடுப்பில் வசதி. மீதிக்கு இரண்டு பேருக்கு ஒரு முதுகுப் பை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பை போதும். மாறி மாறிச் சுமக்கலாம். இரண்டு பேர் ஒரு பையைப் பங்கு போட்டுச் சுமந்தால் அவர்களுக்குள் பேச்சும் வளரும்.

பைக்குள் என் கணக்கு இது: அரை லிட்டர் தண்ணீர், போன், அன்றாட மாத்திரை, இரண்டு கடலை மிட்டாய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் குளுக்கோஸ் பொட்டலம், ஒட்டும் பிளாஸ்திரி நாலு, கைக்குட்டை, சின்ன டார்ச், ஒரு விசில். இருபது ரூபாய் பி.டி. வாத்தியார் விசில்தான். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று மூன்று முறை ஊதுங்கள், நான் வருகிறேன். காலியாக ஒரு சின்னத் துணிப் பையும் இருக்கட்டும், நம் குப்பையை நாமே திருப்பிக் கொண்டு வர.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் இன்றோடு ரத்து. பட்டியல் போட்ட தம்பியே அதைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும். யாரும் எதையும் புதிதாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே விலையுயர்ந்த பை வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், அதில் தப்பில்லை. விலையை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பை இல்லாதவர்களுக்கு நான் தைக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் கைத்தொழில் பாடத்தில் கற்ற தையல் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் கிழிந்த ஜீன்ஸ் இருப்பவர்கள் அனுப்புங்கள். ஒரு ஜீன்ஸில் இரண்டு பை வருகிறது, பக்கிளும் ஜிப்பும் நான் வாங்கிக்கொள்கிறேன். நேற்று வரை ஐந்து முடித்துவிட்டேன். என் அக்கா மகனும் ஒன்று கேட்டிருக்கிறான், அவனுக்குக் கடைசியில்தான்.

"வர முடியலைங்க டீச்சர்" என்று சொன்ன மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. இன்று வருகைப் பதிவேடு என் கையில் இல்லைதான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயரைக் கூப்பிடுவேன். "உள்ளேன் டீச்சர்" என்ற சத்தம் வர வேண்டும். சும்மா வாங்க சாமி. செருப்போடு வாங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கரடியூர்