ஒரு சோறு பதமாகுமா?

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் முன்னோர் வாக்கு. அடுப்படியில் அது முற்றிலும் உண்மை. ஆனால் கணிதத்தில் இப்பழமொழியை நம்பலாகாது என்பதே என் கருத்து. பத்தாம் வகுப்பில் நாம் கற்கும் மட்டு எண்கணிதமே இதற்குச் சான்று.

தோழியரே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஐ விட்டுவிட்டு ஏதேனும் ஓர் எண்ணை நினையுங்கள். 5 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து 2-களைப் பெருக்கினால் 32. அதில் 2 போக 30. அது 5-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. 7-க்கு இவ்வாறு 126 வரும். அதுவும் 7-ஆல் வகுபடும். 6-க்கு 62; மீதி 2. 9-க்கு 510, மீதி 6. மீதி வராத எண்களை மட்டும் எழுதினால் 2, 3, 5, 7, 11, 13, 17 எனத் தொடர்வரிசை வளரும். அத்தனையும் பகா எண்கள்!

பகா எண் எதுவாயினும் இங்கே மீதி வராது என்று பிரான்சு நாட்டு அறிஞர் ஃபெர்மா 1640-இல் கூறினார். பின்னர் ஆய்லர் அதை நிரூபித்தார். அப்படியானால் மீதி வராத எண்ணெல்லாம் பகா எண்தானா? 340 வரை சோதித்தாலும் ‘ஆம்’ என்றே தோன்றும். 341 வந்ததும் அந்த நம்பிக்கை உடைகிறது. அது 11-ஐ 31-ஆல் பெருக்கி வரும் பகு எண். ஆயினும் சோதனையில் தேறிவிடுகிறது!

காரணம் எளிது. பத்து 2-களைப் பெருக்கினால் 1024. அதை 341-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 தானே? ஆகவே 340 2-களைப் பெருக்கினாலும் மீதி 1. இன்னொரு 2 சேர்ந்தால் மீதி 2. அதைக் கழித்தபின் மீதியே இல்லை. 1819-இல் சாரஸ் என்பவர் இதைக் கண்டறிந்தார். ஆயிரத்துக்குள் இத்தகைய போலிகள் 341, 561, 645 ஆகிய மூன்றே.

‘நிரூபி’ என்ற வினாவைக் கண்டதும் முகம் சுளிக்கிறோம், “நாலு எண் போட்டுப் பார்த்தால் போதாதா?” என்கிறோம். போதாது என்பதற்கு 341 சாட்சி.

பெற்றோரிடமும் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். பதினோராம் வகுப்புக்குப் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும்போது, “பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது” என்று சொல்லுவோர் இன்னும் உண்டு. அவர்கள் பார்த்தது எத்தனை பெண்களை? 340 எண்களைப் பார்த்தும் ஒரு விதியை நிலைநாட்ட முடியவில்லையே! ஆனால் விதியை உடைக்க ஒன்றே போதும். கணிதத்தின் மிக உயரிய ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானியும், 2022-இல் உக்ரைனில் பிறந்த மரினா வியாசோவ்ஸ்காவும் பெற்றார்கள்.

எனவே எண்ணாயினும் பெண்ணாயினும், சோதித்தறியாமல் தீர்ப்புச் சொல்லாதிருப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி