துரைமாரைப் போலப் போய்வருவதா?

இலங்கைச் சுற்றுலா இன்று வசதி படைத்தோரின் சமாச்சாரம் மட்டுமல்ல. சிவாஜிநகர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். "ஐந்து இரவு, ஆறு பகல்: கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை" என்று டிராவல்ஸ்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். போனஸையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு நம் குடும்பங்களும் விமானம் ஏறுகின்றன. 2024-ல் அந்தத் தீவுக்குச் சென்ற 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளில், நாடுவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்குத்தான்.

இது குறித்து நம் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரு சாரார், "போகவே கூடாது, 1983-ஐயும் 2009-ஐயும் மறந்துவிட்டு அந்த ஆட்சிக்கு நம் காசைக் கொட்டுவதா?" என்கிறார்கள். மற்றொரு சாரார், "நாலு நாள் ஓய்வுக்குப் போகிறோம், அங்கேயும் அரசியலா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். முதல் சாராரின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் 2022-ல் அந்நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்களே, அப்போது முதலில் உலை அணைந்தது அமைச்சர் வீட்டிலா, கூலிக்காரன் வீட்டிலா? பகிஷ்காரத்தின் அடி யார் வயிற்றில் விழும் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். இரண்டாம் சாராருக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் நானும் குடும்பத்தோடு போய்வந்தேன். (ரயில்வே ஊழியன் வெளிநாடு போக இலாகா அனுமதி வாங்க வேண்டும், அந்தக் காகிதம் மேசை மேசையாக நகர்ந்த கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.) கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மலைநாட்டுக்கு ரயில் ஏறினோம். நம் ஊரைப் போலவே ஐந்தரை அடி அகலப் பாதை. 1867-ல் கண்டியை எட்டி, 1924-ல் பதுளையில் முடிந்த பாதை அது. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல என்று ஏறிக்கொண்டே போகிறது. ஜன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் தேயிலையின் பச்சை. வண்டியிலிருந்த வெளிநாட்டார் அனைவரும் வாசற்படியில் தொங்கியபடி படம் எடுத்தார்கள். நம்மவர்களும் எடுத்தார்கள்.

அந்தப் பச்சை தானாக விளைந்ததா? வெள்ளைக்காரன் இந்தப் பாதையைப் போட்டது நாம் வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. முதலில் காப்பியையும், அது நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. காட்டை வெட்டிச் செடியை நட்டவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துப் பஞ்சம் பிழைத்த ஏழைகள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி ஆசை காட்டினான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023-ல், இருநூறாண்டு நினைவாக, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மீண்டும் நடந்தார்கள். நம் ஊர் ஏடுகளில் எத்தனை அதைப் பெரிதாக வெளியிட்டன?

இந்தக் கதை நமக்குப் புதிதா, நண்பர்களே? கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் வெள்ளைக் கம்பெனி. அங்கேயும் வடஆற்காட்டிலிருந்து வந்த ஏழைத் தமிழர். அங்கேயும் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும்தான் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய சீசன் டிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஹட்டன் மலைச்சரிவின் லயங்கள் அந்நிய நாட்டுக் காட்சியாகத் தெரியவில்லை.

தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தோரம் எங்கள் வேன் நின்றது. கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி எங்கள் குழுவினர் படம் எடுத்தார்கள். கையில் நூறு ரூபாயைத் திணித்தார்கள். தமிழில் பேசுகிறாரே என்று அத்தனை பேருக்கும் வியப்பு! பிறகு ஒரு நண்பர் இரக்கத்தோடுதான் கேட்டார்: "ஏம்மா இங்க கெடந்து கஷ்டப்படறீங்க? பேசாம இந்தியாவுக்கே வந்துடலாமே?"

அந்த அம்மா கூடையை இறக்கவில்லை. "எங்க பாட்டன் பூட்டனப் பொதச்ச மண்ணு இதுதானுங்க ஐயா. நாங்க ஏன் வரணும்? இருக்கிற எடத்த எங்க பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

நம்மவர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. அந்தக் கேள்வியைத்தான் அரசுகள் சட்டமாக எழுதின. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. சரக்குப் பெட்டிகளைக்கூட நாங்கள் இப்படிப் பங்கு போடுவதில்லை! சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? தாயை இங்கும் மகளை அங்குமாகப் பிரித்து, அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டிக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில். வந்தவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, நீலகிரித் தேயிலைக்கும் பஞ்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். நம் கர்நாடகத்திலேயே சுள்ளியா, புத்தூர் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்ட விடப்பட்டவர்களும் அவர்கள்தான். அங்கே 'இந்தியாக்காரன்' என்ற பட்டம். இங்கே வந்த பிறகு 'சிலோன்காரன்' என்ற பட்டம். அந்தத் தீவில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெங்களூர்த் தமிழராகிய நாம் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்? தண்டுப் பகுதி உண்டான காலந்தொட்டு நாலைந்து தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பத்தைப் பார்த்தும் "உங்கள் ஊருக்கு எப்போது போகிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்களே! 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் நடந்ததை அனுபவித்தவர்கள் நம்மிடையே உண்டு. அன்று தமிழ்நாட்டிலிருந்து யாராவது வந்து, "எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் நாம் ஏற்றிருப்போமா? உழைத்த ஊரில், அண்டை வீட்டுக் கன்னடத் தோழரோடு சேர்ந்து உரிமையோடு வாழ்வதே நம் கோரிக்கை. மலையகத்தார் கேட்பதும் அதுவே. அதற்கு ஒரு துளி கூடவும் இல்லை.

கூலி விஷயத்தைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2021-ல்தான் நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. நாங்கள் போனபோது இருந்த மாற்று விலையில் அது நம் பணத்தில் 300-க்கும் கீழே. பழைய துரைமார் பங்களாக்கள் பலவற்றை மெருகேற்றிச் சுற்றுலா விடுதியாக்கிவிட்டார்கள். கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே ஓட்டலாகியிருக்கிறது. லயங்களிலோ இன்னமும் ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்தும், மாற்றிடம் தரப்படாத மக்கள் அவர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் மலைநாடு சரிந்தது. அந்த அழகிய ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. பாதை பழுதாகிப் பயணிகள் வருவது நின்றால் உலகமே கவலைப்படுகிறது. லயத்துக்கு நிலப்பத்திரம் எப்போது என்று கேட்பவர்தான் குறைவு.

ஆகவே, போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் போகிறவர்கள் டிராவல்ஸ்காரரிடம் பெந்தோட்டைக் கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்து, ஹட்டனில் ஒரு நாளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய ஓட்டலில் கொடுக்கும் காசில் ஒரு பங்கை அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் ஆட்டோக்காரரிடமும் செலவிடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், சில்லறை நீட்டாதீர்கள். 1931-ல் முதல் தோட்டத் தொழிற்சங்கத்தை அமைத்த தஞ்சாவூர்க்காரர் நடேசய்யர், வெளியார் நுழையத் தடை இருந்த நாளில் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனவர். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வரவேற்கிறார்கள். போய்ப் பேசுங்கள்: என்ன கூலி, எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர் போடுகிறார்கள், பிள்ளை எது வரை படிக்கிறது, எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று. "இந்தியாவுக்கு வந்துவிடுங்கள்" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்; அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.