ஐயமும் குண்டும்

அணுப்படைக்கலம் ஆக்க முயல்கின்றதென ஐயுறப்படும் ஒரு நாட்டை, அஃது அதனை ஆக்கி முடிக்குமுன்னரே படைகொண்டு தாக்குதல் தகுமா? 2025 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இஸ்ரேலும், பின்னர் அமெரிக்காவும் ஈரானின் அணுநிலையங்கள்மீது குண்டு வீசியபின் இவ்வினா நம் ஊர்வரை வந்துவிட்டது. ஏறாவூரிலிருந்தும் வாவிக்கரை ஊர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் பலர். ஆங்குப் போர் மூளின் ஈண்டு அடுப்பெரிவது அரிதாகும். 1990 இல் ஈராக்கு குவைத்தைக் கைப்பற்றியபோது வெறுங்கையோடு மீண்ட நம் நாட்டவரை மறந்துவிட்டோமா?

தாக்குதல் வேண்டுமென்பார் கூற்றை நாம் எள்ளுவதற்கில்லை. குண்டு கைக்கு வந்துவிட்டால் பின் எவரும் அந்நாட்டை அணுகார் என்பர் அவர். 2003 இல் அணுப்படைக்கலப் பரவற் றடை ஒப்பந்தத்தினின்று விலகுவதாக அறிவித்து, 2006 இல் குண்டு வெடித்துச் சோதித்த வடகொரியாவைச் சான்று காட்டுவர். அச்சான்று வலியதே.

ஆயின் ஈராக்கின் வரலாற்றை நோக்குவோம். 1981 யூன் 7 ஆம் நாள் இஸ்ரேலிய விமானங்கள் பக்தாதுக்கு அண்மையிலிருந்த ஒசிராக்கு அணு உலையைத் தகர்த்தன. பாதுகாப்புச் சபை அதனை ஒருமனதாகக் கண்டித்தது. உலை அழிந்தது, வேட்கை அழியவில்லை. சதாம் உசேன் தம் முயற்சியை மறைவிலே பெருக்கினார் என்பது, 1991 ஆம் ஆண்டுப் போரின் பின்னர்ச் சென்ற சோதகர்களால் வெளியாயிற்று. எஞ்சியவற்றைத் தேடிக் கண்டு அகற்றியவரும் அவர்களே. அதே ஈராக்கில் அணு முயற்சி மீண்டும் தொடங்கியதற்குச் சான்றில்லை என்று 2003 மார்ச்சு 7 ஆம் நாள் முகமது எல்பராதி பாதுகாப்புச் சபையில் உரைத்தார். இரு வாரம் கழியுமுன் போர் தொடங்கிற்று. அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே மறு ஆண்டில், அம்முயற்சி 1991 உடன் முடிந்துவிட்டதென அறிக்கையிட்டது. மாண்டவர் மீள்வரோ?

‘சந்தேகத்தின் பேரில்’ என்னுஞ் சொற்றொடர் நம்மவர்க்குப் புதிதன்று. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், வழக்கின்றியே ஒருவரைப் பதினெட்டுத் திங்கள்வரை அடைத்துவைக்க இடந்தந்தது. ஐயுறுபவனே தீர்ப்பாளனும் தண்டிப்பவனும் ஆவது யாது என்பதை மட்டக்களப்பார்க்குப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. அவ்வொப்பந்தத்திற் சேராத இஸ்ரேல், அதிற் சேர்ந்துள்ள ஈரானை அதன் பெயரால் ஒறுத்தலை என்னென்பது!

ஈரான் ஐயத்திற்கு இடந்தரவில்லை என்பது எம் கருத்தன்று. 60 வீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் அதனிடம் இருந்ததாகச் சருவதேச அணுசத்தி முகவரகம் கணித்தது. மின்னாக்கத்துக்கு அத்துணைச் செறிவு வேண்டுவதில்லை. எனினும் அக்கணக்கு நமக்குக் கிட்டியது சோதகர்களாலன்றோ? குண்டு விழுந்தபின், யூலை மாதத்தில் அவர்கள் வெளியேறினர். பின்னர்ச் சிலர் மீண்டனராயினும், தாக்கப்பட்ட இடங்களைக் காணும் வாய்ப்பு அவ்வாண்டில் அவர்க்குக் கிட்டவில்லை. அறிய வேண்டியதை அறியும் கண்ணையே குண்டு குருடாக்கிற்று.

வேறு வழி உண்டு. அது நம் அயலிலேயே உண்டு. ஒன்றையொன்று கடிதின் ஐயுறும் இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 திசெம்பர் 31 ஆம் நாள், ஒன்றன் அணுநிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என உடன்படிக்கை செய்தன. 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதலாம் நாள் தத்தம் நிலையங்களின் பட்டியலை அவை கைமாற்றி வருகின்றன. 1999 ஆம் ஆண்டுக் கார்கில் போரோ, 2025 மே மாதச் சண்டையோ அவ்வழக்கத்தை நிறுத்தவில்லை. 2026 இன் முதல் நாளிலும் பட்டியல்கள் கைமாறின.